குடோன், பேரேடு, சாவி

ஜூன் 3, 2024, திங்கள்

மணி 10.35. "அக்கா, மறுபடியும் 500 வருது." டெஸ்டிங் பெண் இதை இப்போதெல்லாம் காலை வணக்கம் போலச் சொல்கிறாள். 10.30க்கு நின்றபடி பேசும் கூட்டம் முடியும். இருபத்தாறு பேரும் இடத்துக்குத் திரும்பி ஒரே மூச்சில், வேலைகளைப் பதிந்துவைக்கும் ரெட்மைன் மென்பொருளைத் திறந்து, அவரவர் டிக்கெட்டில் நேற்றைய வேலையையும் மணிக்கணக்கையும் ஏற்றுவார்கள். முந்திக்கொண்ட சிலருக்கு ஏறும். மற்றவர்களுக்கு 500 என்ற எண்ணோடு ஒரு வெற்றுப் பக்கம். லாகைத் திறந்தால் அதே வரி: டேட்டாபேஸ் இஸ் லாக்டு.

2020 ஊரடங்கின்போது "சும்மா ஓட்டிப் பார்ப்போம்" என்று யாரோ ஒரு டெஸ்க்டாப்பில் ரெட்மைனை ஏற்றினார்கள். தரவை வைக்க எஸ்க்யூலைட். அது ஒற்றைக் கோப்பு. சர்வர் வேண்டாம், பாஸ்வேர்டு வேண்டாம், ஐந்து நிமிடத்தில் வேலை முடியும். அந்த "சும்மா" நாலு வருடமாக ஓடுகிறது. அந்த டெஸ்க்டாப் இன்னமும் அக்கவுண்ட்ஸ் அறை மேசைக்கு அடியில்தான் இருக்கிறது. கூட்டுகிற அம்மாவுக்கு மட்டும் அதன் அருமை தெரியும். விளக்குமாறு படாமல் பார்த்துக்கொள்கிறார்.

எஸ்க்யூலைட்டைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எத்தனை பேர் வேண்டுமானாலும் ஒரே நேரத்தில் படிக்கலாம். எழுதுவது மட்டும் ஒருவர் பின் ஒருவராகத்தான். கயிற்றில் கட்டிய ஒரே பேனா வைத்த மளிகைக்கடை நோட்டு அது. நம் அமைப்பில் ஒருவர் 5 விநாடி காத்துப் பார்ப்பார், பேனா கைக்கு வராவிட்டால் கையை விரித்துவிடுவார். ரிச்சர்ட் ஹிப் 2000இல் இதை எழுதியது அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்றின் மென்பொருள் வேலைக்காக. தனி டேட்டாபேஸ் சர்வர் ஒன்று மக்கர் செய்து அங்கே வேலை நிற்கக் கூடாது என்பதுதான் நோக்கம். இன்று ஒவ்வொருவர் கைப்பேசிக்குள்ளும் அது இருக்கிறது. கைப்பேசியில் எழுதுகிறவர் ஒருவர். இங்கே இருபத்தாறு பேர்.

லீட் சாரிடம் சொன்னேன். "பக்ரீத்துக்கு மூணு நாள் சேர்ந்தாப்புல லீவு வருதும்மா. அதுக்குள்ள மாத்திரலாமா?"

"மாத்திரலாங்க சார்."

சொன்ன பிறகுதான் காலண்டரைப் பார்த்தேன். பன்னிரண்டு நாள் இருக்கிறது.

ஜூன் 4, செவ்வாய்

வாக்கு எண்ணிக்கை. யாரும் வேலை செய்யவில்லை. வரவேற்பறை டிவியைச் சுற்றி மொத்த ஆபீஸும். ரெட்மைன் அமைதியாக இருந்தது. நான் மட்டும் மேலே உட்கார்ந்து உள்ளே என்னதான் இருக்கிறது என்று வேறு ஒரு எண்ணிக்கை நடத்திக்கொண்டிருந்தேன்.

டிக்கெட்டுகள் 11,204. ஆனால் கனம் அங்கே இல்லை. ஜர்னல்ஸ் என்ற டேபிளில் 63,918 வரிகள். யார், எப்போது மாற்றினார், மாற்றும்போது என்ன சொன்னார் என்பதெல்லாம் அதில்தான். நாங்கள் செய்வது ஸ்பின்னிங் மில்களுக்கான இருப்புக் கணக்கு மென்பொருள். "கழிவுப் பஞ்சை இந்த மில்லுக்கு மட்டும் ஏன் தனி விகிதத்தில் கழிக்கிறோம்?" என்று ஒருவர் கேட்டால் பதில் கோடில் இருக்காது. எழுதியவர் வேலையை விட்டுப் போயிருப்பார். பதில் 2021இல் யாரோ மூன்று வரியில் போட்ட ஜர்னலில் கிடக்கும்.

அட்டாச்மென்ட்டுகள் இந்த டேபிள்களுக்குள் இல்லை. அவை ஃபைல்ஸ் என்ற ஃபோல்டரில், வருடம், மாதம் என்று பிரிந்து கிடக்கின்றன. மொத்தம் 38 ஜிபி. திறந்து பார்த்ததும் கொஞ்சம் திகைத்தேன். ஆங்கிலப் பெயர் உள்ள கோப்புகள் முன்னால் 12 இலக்க நாள்-நேர எண்ணோடு அடையாளம் தெரியும்படி இருக்கின்றன. தமிழில் பெயர் வைத்தவை எல்லாம் அந்த எண்ணுக்குப் பின் 32 எழுத்துக் குப்பையாக நிற்கின்றன. குப்பை இல்லை, எம்டி5. ஆங்கில எழுத்து, எண், சில குறிகள் தவிர வேறு எது இருந்தாலும், பெயர் 50 எழுத்தைத் தாண்டினாலும், ரெட்மைன் அதை அப்படி மாற்றித்தான் வட்டில் வைக்கிறது. உண்மைப் பெயர் அட்டாச்மென்ட்ஸ் டேபிளில் மட்டும்.

அப்பா சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மில்லில் குடோன் கிளார்க்காக இருந்தவர். பேல்களின் மேல் வெறும் எண்தான் இருக்கும். யாருடைய பஞ்சு, என்ன ரகம் என்பது பேரேட்டில். "குடோன் எரிஞ்சா சரக்குப் போச்சு, பேரேடு எரிஞ்சா குடோனே போச்சு" என்பார். ஃபைல்ஸ் ஃபோல்டர் குடோன். டேட்டாபேஸ் பேரேடு. ஒன்றை மட்டும் காப்பாற்றிப் புண்ணியமில்லை.

கீழே விசில் சத்தம். யார் முன்னிலை என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை.

ஜூன் 5, புதன்

எதற்கு மாறுவது? லீட் சாருக்கு மைஎஸ்க்யூஎல்தான். "எல்லாப் பசங்களுக்கும் தெரியும்." எனக்குப் போஸ்ட்கிரெஸ். ரெட்மைனுக்கு இரண்டுமே சம்மதம், மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வர்கூடச் சம்மதம்தான், அதன் லைசென்ஸ் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

எனக்கு மைஎஸ்க்யூஎல்லோடு ஒரு பழைய கசப்பு. முன்பு வேலை பார்த்த இடத்தில் வாடிக்கையாளர் புகார்கள் பாதியில் அறுந்து நின்றன. "வணக்கம்" என்ற சொல் இருக்கும், அதற்குப் பின் ஒன்றுமே இருக்காது. இரண்டு வாரம் தேடினோம். நம் ஆட்கள் வணக்கத்துக்குப் பின்னால் கைகூப்பும் படம் ஒன்றைப் போடுகிறார்கள் அல்லவா, அங்கேதான் வெட்டு. மைஎஸ்க்யூஎல்லின் பழைய 'யூடிஎஃப்8' ஒரு எழுத்துக்கு 3 பைட் வரைதான் இடம் தரும். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் சரியாக 3 பைட், ஆகவே தமிழ் தப்பிக்கும். எமோஜிக்கு 4 பைட். கண்டிப்பு மோடும் அணைந்திருந்ததால் அந்த இடத்தோடு வாக்கியத்தை வெட்டிவிட்டு, ஒரு எச்சரிக்கையை மட்டும் முணுமுணுத்துவிட்டு மேலே போயிருக்கிறது. மரியாதை தெரிந்தவர்களின் புகார் மட்டும் தொலைந்தது. எடுத்த எடுப்பில் திட்டியவர்களின் புகார் முழுசாக வந்து சேர்ந்தது.

இன்றைக்கு அந்தக் குறை இல்லை. 8.0இலிருந்து நாலு பைட் கொண்டதே இயல்பு. கசப்பை ஒரு காரணமாகச் சொல்வது நியாயமில்லை என்று எனக்கே பட்டது.

நான் போஸ்ட்கிரெஸ் கேட்டதற்கு உண்மையான காரணம் ஒன்றுதான். ரெட்மைனைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் அது டேபிள்களின் அமைப்பையே மாற்றும்: கட்டம் கூட்டும், குறைக்கும். மைஎஸ்க்யூஎல்லில் அந்த மாற்றங்கள் ஒவ்வொன்றும் உடனுக்குடன் நிலைத்துவிடும். பாதியில் முறிந்தால் பழசும் இல்லை, புதுசும் இல்லை, நடுவில் ஏதோ ஒன்று. போஸ்ட்கிரெஸ் அமைப்பு மாற்றத்தையும் ஒரே பரிவர்த்தனைக்குள் வைக்கும்; அந்தப் படி முறிந்தால் அது நடக்காதது போலாகிவிடும். ராத்திரி பதினொன்றரைக்குத் தனியாக உட்கார்ந்து இதைச் செய்யப்போகிறவள் நான். எனக்கு நடக்காதது போலாக வேண்டும்.

சாருக்குக் கடைசியில் பிடித்தது வேறு கதை. மைஎஸ்க்யூஎல்லை உருவாக்கிய ஃபின்லாந்துக்காரர் விடேனியஸ் அதற்குத் தன் மகள் 'மை'யின் பெயரை வைத்தார். அதை 2008இல் சன் நிறுவனம் வாங்கியது. 2010இல் சன்னையே ஆரக்கிள் வாங்கியது. விடேனியஸ் மைஎஸ்க்யூஎல்லிலிருந்து தனியாகப் பிரித்த மரியாடிபிக்கு இளைய மகள் மரியாவின் பெயர். போஸ்ட்கிரெஸ் 1986இல் பெர்க்லி பல்கலையில் ஸ்டோன்பிரேக்கர் தொடங்கியது. இன்றுவரை எந்த ஒரு கம்பெனியின் சொத்தும் இல்லை. "விக்க முடியாததுன்னா சரி" என்றார்.

ஜூன் 7, வெள்ளி

புது சர்வர். 16 ஜிபி ராம், இரண்டு எஸ்எஸ்டி. ஒன்றில் சிஸ்டமும் டேட்டாபேஸும், மற்றதில் அட்டாச்மென்ட். உபுண்டு 24.04, அதோடு வரும் போஸ்ட்கிரெஸ் 16. ஷேர்டு பஃபர்ஸ் இயல்பில் 128 எம்பி. ராமில் கால்பங்கு என்ற வழக்கப்படி 4 ஜிபி ஆக்கினேன்.

முக்கால் மணி நேரம் இரண்டு அற்ப விஷயங்களில் போனது. முதலாவது, 'பியர் ஆதென்டிகேஷன் ஃபெயில்டு'. ஒரே இயந்திரத்துக்குள் நேராகப் பேசினால் போஸ்ட்கிரெஸ் பாஸ்வேர்டைக் கேட்பதே இல்லை. லினக்ஸில் நீ யாராக நுழைந்தாயோ அவராகத்தான் இங்கேயும் இருக்க முடியும் என்கிறது. ஹோஸ்ட் என்ற இடத்தில் லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதினால் நெட்வொர்க் வழியாக வந்தவனாக எண்ணிப் பாஸ்வேர்டு கேட்டு உள்ளே விடுகிறது. வாசல் வழியாக வந்தால்தான் மரியாதை. இரண்டாவது, டேட்டாபேஸ் விவரம் எழுதும் யாம்ல் கோப்பில் புதுப் பையன் டேப் பொத்தானை அழுத்தியிருந்தான். யாம்லுக்கு வரி உள்தள்ள டேப் ஆகாது, ஸ்பேஸ்தான். கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும் என்பதால் மூன்று பேர் சேர்ந்து பார்த்தும் தெரியவில்லை.

மதியம் மேனுவல் எழுதும் அக்கா வந்தார். தமிழ் எம்.ஏ. நாலு வருடமாக அவருக்கு ஒரே குறை: டிக்கெட்டில் வகையைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலில் கலவை, கழிவு, கவுண்ட் என்று வருகிறது. "ல, வ, ழ, ள. ஒண்ணாங்கிளாஸ்ல சொல்லிக்குடுத்தது. கவுண்ட் முன்னாடி, கழிவு பின்னாடி. உன் கம்ப்யூட்டர் எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சுது?"

அது ஐஎஸ்சிஐஐ என்ற பழைய இந்தியக் குறியீட்டின் பள்ளிக்கூடத்தில் படித்தது. பல இந்திய மொழிகளையும் ஒரே வரிசையில் அடுக்கிய அந்த முறையை யூனிகோடு அப்படியே எடுத்துக்கொண்டதால் அங்கே ழ-வுக்குப் பிறகுதான் வ. எண் வரிசையில் அடுக்கினால் கழிவு முந்தத்தான் செய்யும். டேட்டாபேஸை உருவாக்கும்போதே ஐசியு என்ற மொழி நூலகம் வழியாகத் தமிழ் வரிசை வேண்டும் என்று சொல்லிவிட்டால் போஸ்ட்கிரெஸ் கேட்டுக்கொள்ளும். பிறகு மாற்றுவது பெரும்பாடு. ஏற்கெனவே உருவாக்கியதை அழித்துவிட்டு, ஒரு வரி சேர்த்து மறுபடி உருவாக்கினேன். கலவை, கவுண்ட், கழிவு. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இதுக்கு நாலு வருசமா?" என்றார்.

போகும்முன் இன்னொரு வேலை. எங்கள் கோடு இருக்கும் சப்வெர்ஷன் ரெபாசிட்டரியின் பாஸ்வேர்டு பழைய டேட்டாபேஸில் பச்சையாகக் கிடந்தது. கான்ஃபிகரேஷன் கோப்பில் ஒரு சைஃபர் சாவி கொடுத்தால் ரெட்மைன் அதை மறைத்து எழுதும். நீளமான சாவியாகப் போட்டேன். பெருமையாக இருந்தது.

ஜூன் 10, திங்கள்

ஒத்திகை. டேபிள்களை ரெட்மைனையே உருவாக்கச் சொல்லி, அதிலிருந்ததைக் காலி செய்து, பழைய தரவை மட்டும் ஊற்றுவது திட்டம். ஊற்றும் ஸ்கிரிப்டைப் புதுப் பையன் பைதானில் எழுதினான். நன்றாகவே எழுதியிருந்தான்.

முதல் தடுமாற்றம் ஆமாம்/இல்லை கட்டங்களில். எஸ்க்யூலைட்டில் அதற்கென்று தனி வகை கிடையாது, 1 அல்லது 0. போஸ்ட்கிரெஸ் எண்ணை ஆமாம் என்று எடுத்துக்கொள்ள மறுக்கிறது. சரிசெய்தோம்.

அடுத்து மூன்று டிக்கெட்டுகள் உள்ளே நுழையவில்லை. தலைப்பு 255க்கு மேல் நீளம். ரெட்மைன் பக்கம் வழியாக அப்படி ஏற்ற முடியாது. 2020இல் யாரோ எக்செலிலிருந்து நேராக டேபிளுக்குள் தள்ளியிருக்கிறார்கள். 255 என்று எழுதியிருந்தாலும் எஸ்க்யூலைட் அதைப் பொருட்படுத்தாது, கொடுத்ததை வாங்கிக்கொள்ளும். மூன்றும் தமிழ். நமக்கு 255 என்பது 255 எழுத்தும் இல்லை: 'கொ' என்பது அதற்கு இரண்டு, 'க்' என்பதும் இரண்டு. அதில் ஒன்று ஒரு மில் சூப்பர்வைசர் இரவு ஷிப்டில் எழுதிய முழுப் புகார். லாட் எண் மாறிப் போனது, லாரி திரும்பி வந்தது, முதலாளி திட்டியது, வீட்டுக்குப் போகும்போது விடிந்துவிட்டது எல்லாம் தலைப்பிலேயே. வெட்டச் சொல்லிப் பையன் கேட்டான். விவரப் பகுதிக்கு மாற்றச் சொன்னேன், ஒரு எழுத்து குறையாமல்.

பிறகு எல்லாம் ஏறியது. எண்ணிக்கை ஒத்துப்போனது. பையன் கைதட்டினான். புது டிக்கெட் ஒன்று போட்டுப் பார்க்கச் சொன்னேன்.

'டூப்ளிகேட் கீ.' மறுபடி அழுத்தினான். அதே.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போஸ்ட்கிரெஸ் அடுத்த டிக்கெட்டுக்கு எண் கொடுக்கும் டோக்கன் கட்டு தனி. நாம் எண்ணோடு சேர்த்தே தரவை ஊற்றியதால் அந்தக் கட்டு தொடப்படவே இல்லை. முதல் டோக்கன் 1 என்று நீட்டுகிறது, 1 ஏற்கெனவே இருக்கிறது. கிழித்த டோக்கனைத் திரும்ப ஒட்டும் பழக்கம் அதற்கு இல்லை என்பதால் ஒவ்வொரு முறை தோற்கும்போதும் 2, 3 என்று நகரும்.

"அப்ப 11,204 தடவை அமுக்குனா சரியாயிருமாக்கா?"

"ஆயிரும். உக்காந்து அமுக்குறியா, இல்ல செட்வால் எழுதுறியா?"

எழுதினான், எல்லா டேபிளுக்கும்.

சாயங்காலம் மறுபடி ஓடி வந்தான். "டயம் எல்லாம் தப்பாயிருச்சுக்கா! நம்மாளுக விடிகாலம் 4 மணிக்கு வேலை செஞ்சிருக்காங்க." உள்ளே யூடிசி நேரத்தில்தான் இருக்கும், ஐந்தரை மணி கூட்டிக்கொள் என்றேன். காலை ஒன்பதரைக்கு லாகின் ஆனவர்கள்தான் அந்தக் கடும் உழைப்பாளிகள்.

ஜூன் 11, செவ்வாய்

அட்டாச்மென்ட் அளவு. ஸ்கிரீன் ரெக்கார்டிங் ஏற்ற முடியவில்லை என்று டெஸ்டிங்கில் எப்போதும் புலம்பல். ரெட்மைனின் இயல்பு வரம்பு 5120 கேபி. 50 எம்பி ஆக்கியும் ஏறவில்லை. முன்னால் நிற்கும் என்ஜின்எக்ஸ் 1 எம்பிக்கு மேல் வாசலிலேயே திருப்பி அனுப்புகிறது. அதையும் மாற்றினேன். ஐம்பது கொடுத்தால் ஐம்பதையும் நிரப்புவார்கள்.

ஜூன் 13, வியாழன்

பேக்கப். இரவு இரண்டு மணிக்கு முதலில் டேட்டாபேஸ், அது முடிந்த பிறகு ஃபைல்ஸ். இந்த வரிசை மாறக் கூடாது. பேரேட்டை முதலில் படியெடுத்தால், நடுவில் புதிதாக வந்த சரக்கு குடோன் படியில் கணக்கில்லாமல் கொஞ்சம் அதிகமாக இருக்கும், கெடுதல் இல்லை. குடோனை முதலில் எடுத்தால் பேரேட்டில் இருக்கும், குடோனில் இருக்காது.

பையனுக்குக் கிட்லேப் நிறுவனத்தின் கதையைச் சொன்னேன். 2017 ஜனவரி 31. நெடுநேரம் பிரச்சினையோடு போராடிக் களைத்த ஒரு பொறியாளர், துணை சர்வர் என்று நினைத்து முதன்மை சர்வரின் டேட்டாபேஸ் ஃபோல்டரை அழித்தார். ஓரிரு விநாடியில் புரிந்து நிறுத்தியபோது 300 ஜிபியில் 4.5 ஜிபி மிச்சம். போகட்டும், பேக்கப் இருக்கிறதே என்று போனால், டேட்டாபேஸ் படியான டம்ப் வைக்கும் இடம் காலி. சர்வர் 9.6; டம்ப் எடுக்கும் நிரலோ 9.2. அது தினமும் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோற்றேன் என்று அனுப்பிய மின்னஞ்சல்களும் நிராகரிக்கப்பட்டிருக்கின்றன. சோதனைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் கையால் எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது. அவர்கள் அத்தனையையும் ஊரறியச் சொன்னார்கள், மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகவே காட்டினார்கள். அந்த மனசு எனக்குப் பிடிக்கும்.

"அது எப்படிக்கா, யாருமே பாக்கலயா?" என்றான்.

"அதான் பாரு" என்றேன், ரொம்பத் தெரிந்தவள் போல. ஸ்கிரிப்டைக் கையால் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். டம்ப் அழகாக வந்தது. குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் கிரானில் போட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பினேன். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வண்டியைத் தள்ளுகிறது.

ஜூன் 15, சனி

பகல் 2 மணிக்குப் பழைய ரெட்மைனை நிறுத்தினோம். கடைசிப் படி. ஊற்றல். ஒத்திகை செய்ததால் கை தானாகப் போனது. எண்ணிக்கை எல்லா டேபிளிலும் ஒத்தது.

ஃபைல்ஸ் ஒத்துப்போகவில்லை. அட்டாச்மென்ட் டேபிளில் 9,377 வரி. வட்டில் 9,165 கோப்பு. 212 குறைவு. பழைய இயந்திரத்தில் எண்ணினால் அங்கேயும் 9,165தான். ஆக நாங்கள் தொலைக்கவில்லை, முன்பே தொலைந்திருக்கிறது. அதை நினைக்க வயிற்றைக் கலக்கியது. யாருடைய 212? என்ன 212?

நாற்பது நிமிடம் கழித்து விடை. ஒரே கோப்பு திரும்ப வந்தால் ரெட்மைன் அதன் எஸ்எச்ஏ-256 கைரேகையை ஒப்பிட்டு, இரண்டாவது படியை வைக்காமல் பழையதையே காட்டிவிடுகிறது. பல வரிகள் ஒரே கோப்பைச் சுட்டின. திறந்து பார்த்தோம். ஒரு வாடிக்கையாளரின் மின்னஞ்சல் அடியில் வரும் கம்பெனி லோகோ. மின்னஞ்சல் வழியாக டிக்கெட் போடும் ஒவ்வொரு முறையும் அதுவும் அட்டாச்மென்ட்டாக வந்து சேர்ந்திருக்கிறது. சில நூறு முறை எங்களுக்கு அதை அனுப்பியிருக்கிறார்கள்.

பையன் தேங்காய் பன் வாங்கி வந்தான். ஒன்பது மணிக்குப் பூட்டினோம்.

ஜூன் 16, ஞாயிறு

மதியம் வீட்டிலிருந்தே ஒரு மணி நேரம் சரிபார்ப்பு. எல்லாம் ஓடுகிறது. பழைய டெஸ்க்டாப்பை அழித்து அக்கவுண்ட்ஸுக்குக் கொடுக்கலாமா என்று பையன் கேட்டான். சரி என்று தட்டச்சு செய்தேன். ஆபீஸ் போக அவனுக்குச் சோம்பலாக இருந்ததால் செவ்வாய் பார்க்கலாம் என்றான்.

ஜூன் 17, திங்கள், பக்ரீத்

விடுமுறை. பேக்கப்பை மூன்றாவதாக ஓர் இயந்திரத்தில் மீட்டுப் பார்த்துவிட்டால் மனசு ஆறும் என்று வந்தேன். பேக்கப் ஃபோல்டரைத் திறந்தேன். 14, 15, 16, 17. நாலு நாள், நாலு கோப்பு.

ஒவ்வொன்றும் 20 பைட்.

ஒன்றுமில்லாததை ஜிஜிப்பில் அமுக்கினால் 20 பைட் வரும். நாலு ராத்திரி நான் ஒன்றுமில்லாததை ஒழுங்காக அமுக்கி, தேதி போட்டு அடுக்கி வைத்திருக்கிறேன். கையால் ஓட்டியபோது போஸ்ட்கிரெஸ் பயனராக இருந்தேன், பியர் விதிப்படி பாஸ்வேர்டு தேவைப்படவில்லை. கிரான் ரூட் கணக்கில் ஓடுகிறது. அதற்காக அங்கே லோக்கல்ஹோஸ்ட் வழியாகப் போகச் சொல்லிப் பாஸ்வேர்டு கோப்பும் வைத்திருந்தேன். ஆனால் அனுமதி 644. மற்றவர்கள் படிக்கக்கூடிய பாஸ்வேர்டு கோப்பைப் போஸ்ட்கிரெஸ் கண்டுகொள்ளாது, 600 இருந்தால்தான் எடுத்துக்கொள்ளும். டம்ப் தோற்றது, குழாயின் மறுமுனையில் ஜிஜிப் வெற்றி பெற்றது. குழாய்த் தொடரில் கடைசி ஆள் ஜெயித்தால் ஷெல்லுக்கு எல்லாரும் ஜெயித்த மாதிரி.

வியாழக்கிழமை நான் பேசிய பேச்சு ஞாபகம் வந்தது. உடனே பையனுக்குப் போன் போட்டேன். "தம்பி, பழைய மெஷினத் தொட்ராத."

"இல்லீங்க்கா, நாளைக்குத்தான்…"

"நாளைக்கும் வேண்டாம்."

மாலை வரை இருந்து சரிசெய்தேன். அனுமதி 600. ஜிஜிப் குழாய் வேண்டாம், டம்ப் தன் சொந்த வடிவத்திலேயே நேராகக் கோப்பில் எழுதட்டும். அளவு முந்தைய நாளைவிடப் பாதிக்குக் கீழே போனால் என் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி. டம்ப்: 212 எம்பி. அதே 212. மூன்றாம் இயந்திரத்தில் மீட்டேன். டிக்கெட் திறந்தது, தமிழ்ப் பெயர் கொண்ட எக்செலும் தன் பெயரோடு இறங்கியது.

ஜூன் 18, செவ்வாய்

10.35. யாரும் கூப்பிடவில்லை. நானே எழுந்து போய் டெஸ்டிங் பெண்ணிடம் "என்ன, வருதா?" என்றேன். "எதுக்கா?" என்றாள். இரண்டாம் மாடியிலிருந்து ஒருவர் பக்ரீத் பிரியாணி டப்பாவோடு வந்தார். 20 பைட் பற்றி லீட் சாரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நல்லதாப் போச்சு, நீயே பாத்துட்ட" என்றார்.

ஜூன் 21, வெள்ளி

மீட்கும் முறையை ஒரு தாளில் பத்து வரியாக எழுதிப் பையன் கையில் கொடுத்தேன். வெற்று இயந்திரம், பேக்கப் வட்டு, தாள். என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கக் கூடாது. நான் கேன்டீனில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

ஒரு மணி நேரம் கழித்து வந்தான். டிக்கெட் வருகிறது, ஜர்னல் வருகிறது, படங்கள் வருகின்றன. ரெபாசிட்டரி பக்கம் மட்டும் திறக்கவில்லை. லாகில், மறைத்து எழுதியதைப் பிரிக்கச் சாவி இல்லை என்று ஒரு வரி.

ஏழாம் தேதி பெருமையாகப் போட்ட சைஃபர் சாவி. அது டேட்டாபேஸிலும் இல்லை, ஃபைல்ஸிலும் இல்லை. கான்ஃபிக் ஃபோல்டரில் இருக்கிறது. கான்ஃபிக் ஃபோல்டர் பேக்கப்பில் இல்லை. திங்கள்கிழமை மீட்டுப் பார்த்தபோது அந்தப் பக்கத்தை நான் திறக்கவே இல்லை.

பதினோராவது வரி எழுதினேன். சாவியை பேக்கப் வட்டிலேயே வைப்பதா என்று பையன் கேட்டான். அப்பா குடோன் சாவியைக் குடோன் ஆணியில் மாட்டியதில்லை. இடுப்பிலேயே இருக்கும், மாற்றுச் சாவி மேனேஜர் மேசையில். கான்ஃபிக் நகலை ஒரு பென்டிரைவில் போட்டு, கவரில் வைத்து ஒட்டி, லீட் சாரின் அலமாரியில் வைத்தேன். கவர் மேல் என்ன எழுத என்று யோசித்து, தேதி மட்டும் எழுதினேன்.

பையன் இயந்திரத்தை மறுபடி அழித்துவிட்டு முதல் வரியிலிருந்து தொடங்கினான்.